காலை டீக்கு முன்னால் ஒரு பேனாக்கத்தி

குன்னூர் பஸ் நிலையத்திலிருந்து மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை இருக்கிறது. காலை ஏழேகாலுக்கு நாங்கள் ஐந்தாறு பேர் அங்கே கூடுவோம். டீ வருவதற்குள் ஆளுக்கொரு மடக்குக் கத்தி பெஞ்சு மேல் வந்துவிடும். "இன்னைக்கு எது?" என்பதுதான் எங்களுக்குள் வணக்கம். அன்று யார் எதைப் பையில் போட்டு வந்தார்களோ அதை வைப்பார்கள். மற்றவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள், நேற்று அது என்ன வேலை செய்தது என்று கேட்பார்கள். இருபது நிமிடம்தான். பிறகு அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விடுவோம். பதினொரு வருடமாக இப்படி நடக்கிறது.

கத்தி சேர்ப்பவர்கள் பலர் தனியாகவே இருக்கிறார்கள். பீரோவில் துணி சுற்றி வைத்திருப்பார்கள். வீட்டில் யாருக்கும் அதில் ஆர்வம் இருக்காது, காட்டினால் "பத்திரமா எடுத்து வை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அப்படிப்பட்ட இரண்டு பேர், ஒருவர் ஏற்காட்டிலிருந்தும் ஒருவர் கோவையிலிருந்தும், எங்கள் ஊரிலும் இப்படி ஒரு கூட்டத்தை ஆரம்பிக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களுக்காக எழுத உட்கார்ந்தது இது.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் நர்சரி நடத்துகிறேன். ரோஜாவுக்கு மொட்டு ஒட்டு, ப்ளம்ஸுக்கும் பேரிக்கும் தண்டு ஒட்டு, இதுதான் தினப்படி வேலை. அப்பா மேல் குன்னூரில் ஒரு பங்களாவில் மாலியாக இருந்தார். அந்த வீட்டுத் துரை எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பிய அன்று அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனது ஒரு கவாத்துக் கத்தி. சேனர் கம்பெனி, ஷெஃபீல்டு. இங்கிலாந்தில் கத்திக்குப் பேர்போன ஊர் அது. அலகு கிளிமூக்கு மாதிரி உள்நோக்கி வளைந்திருக்கும், பிடி கடமான் கொம்பு. ரோஜாச் செடியைக் கவாத்து செய்ய நான் கற்றுக்கொண்டது அந்தக் கத்தியில்தான்.

முதலில் ஒரே ஒரு கத்தி

கூட்டம் சேர்க்கப் பெட்டி நிறையக் கத்தி வேண்டாம். எங்களில் ஒருவரிடம் கடைசி வரை ஒன்றுதான் இருந்தது. அவர் பேசும்போதுதான் எல்லோரும் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்போம். ஒரே கத்தியைப் பதினொரு வருடம் தினமும் கையில் வைத்திருந்தவருக்குத் தெரியும் விஷயம், ஐம்பதைச் சுற்றி வைத்திருப்பவருக்குத் தெரியாது.

பழைய ஆங்கில மடக்குக் கத்தியில் பூட்டு கிடையாது. பிடியின் முதுகுப் பக்கம் ஒரு எஃகு ஸ்பிரிங் ஓடும். அலகின் அடிக்கட்டையை அது அழுத்திப் பிடிப்பதால்தான் அலகு திறந்தால் திறந்தபடியும் மூடினால் மூடியபடியும் நிற்கிறது. இரண்டு பக்கமும் பித்தளைத் தகடு. அதன் மேல் எருமைக் கொம்போ, எலும்போ, கருங்காலியோ, ஈட்டி மரமோ வைத்து ஆணியடித்திருப்பார்கள். முனையில் ஜெர்மன் சில்வரிலோ இரும்பிலோ காப்பு. இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இந்தச் சின்ன ஏற்பாட்டுக்குள் எத்தனை விதம் செய்திருக்கிறார்கள் என்பதில்தான் எங்கள் காலை நேரமெல்லாம் போகிறது.

முதல் கத்தியாக நான் எல்லோருக்கும் சொல்வது லாம்ப்ஃபுட் என்ற வகையை. ஆட்டுக்குட்டிக் கால் என்று அர்த்தம். வெட்டும் பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக இருக்கும். முதுகு நுனியை நோக்கி மெல்லச் சரிந்து வந்து கடைசியில் சட்டென்று இறங்கும். குத்தும் முனை இல்லாததால் டீக்கடையில் எடுத்து வைத்தால் பக்கத்து பெஞ்சில் இருப்பவர் முகம் மாறாது. இது முக்கியம். நேரான கூர் என்பதால் கல்லில் தீட்டவும் சுலபம், புதிதாகப் பழகுபவர் கையிலும் கெட்டுப் போகாது. மூட்டை பிரிக்க, பழம் நறுக்க, சணல் அறுக்க, ஒட்டுக்கு V மாதிரி சீவ, எல்லாவற்றுக்கும் வரும். ஷெஃபீல்டில் ஏ. ரைட் அண்ட் சன் என்ற கம்பெனி இன்றைக்கும் இதைச் செய்கிறது. பழசுதான் வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

பழசு வேண்டுமென்றால் மலை ஊர்களில் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பங்களா ஏலத்தில் நல்லது வெளியே வருவது அபூர்வம். துரைமார் வீடுகளில் பட்லராக, டிரைவராக, மாலியாக இருந்தவர்களின் குடும்பங்களில்தான் கத்திகள் தங்கியிருக்கின்றன. அப்புறம் பழைய இரும்புக் கடை. ஒரு வீட்டில் கத்தி இருக்கிறது என்று தெரிந்தால் எடுத்தவுடன் விலை கேட்காதீர்கள். அது யாருடையது, எப்படி வந்தது என்று கேட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வாருங்கள். கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டுக்கு நான் மூன்று முறை போனேன். மூன்றாவது முறை அந்த வீட்டுப் பாட்டி, "இதை விக்க மனசு வரல கண்ணு" என்றார். அவருடைய பேரன் மறுவாரமே கத்தியோடு எங்கள் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தான். விலைக்கு வாங்கியிருந்தால் அந்தத் தம்பி எங்களுக்குக் கிடைத்திருக்க மாட்டான்.

வாங்கும் முன் நாலு விஷயம் பாருங்கள். திறந்து வைத்து அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக் கூடாது. திறக்கும்போது ஸ்பிரிங் இழுப்பு தெரிய வேண்டும், முழுக்கத் திறந்ததும் "டக்" என்று ஒரு தீர்மானமான ஓசை வர வேண்டும். முதுகில் விரலை ஓட்டினால் ஸ்பிரிங்கும் தகடும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். அலகு, நகம் மாட்டும் பள்ளத்துக்குப் பக்கத்தில் எவ்வளவு அகலம், நுனிப் பக்கம் எவ்வளவு அகலம் என்று பாருங்கள். ரொம்பத் தேய்ந்திருந்தால் தலைமுறை தலைமுறையாகத் தீட்டியிருக்கிறார்கள். அப்படித் தேய்ந்த கத்தியை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். விலை மட்டும் குறைவாகக் கொடுங்கள்.

முத்திரை பார்க்கும் கலை

கூட்டத்தில் அதிகம் பேச வைப்பது அலகின் அடியில் இருக்கும் முத்திரை. கைலென்ஸ் ஒன்று, காலை வெயில் கொஞ்சம், இரண்டும் போதும். நட்சத்திரமும் மால்டீஸ் சிலுவையும் (நுனி பிளந்த நாலு கை உள்ள சிலுவை) பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஜோசப் ரோட்ஜர்ஸ் கம்பெனி. ஐ, எக்ஸ், எல் என்று மூன்று எழுத்து இருந்தால் ஜார்ஜ் வொஸ்டன்ஹோம். சேர்த்துச் சொன்னால் ஆங்கிலத்தில் "நானே சிறந்தவன்" என்பது போல ஒலிக்கும். ஒரு கண் வரைந்திருந்தால் டெய்லர்ஸ் ஐ விட்னஸ்.

காலம் கணிக்கச் சில குறிப்புகள். கிரீடத்தோடு வி-ஆர் என்று இருந்தால் விக்டோரியா ராணி காலம், அதாவது 1901க்குள். இறக்குமதிச் சாமான்களில் எந்த நாட்டில் செய்தது என்று பொறிக்க வேண்டும் என 1890ல் அமெரிக்கா ஒரு சுங்கச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் ஷெஃபீல்டு என்ற பெயரோடு இங்கிலாந்து என்பதும் பரவலாக முத்திரையில் ஏறியது. வெறும் ஷெஃபீல்டு மட்டும் இருந்தால் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அதை மட்டும் வைத்துச் சத்தியம் செய்யாதீர்கள். ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தால் 1913க்குப் பிறகுதான், ஏனென்றால் துருப்பிடிக்காத எஃகை ஹாரி ப்ரியர்லி அதே ஷெஃபீல்டில் கண்டுபிடித்த ஆண்டு அது.

போலி அன்றைக்கே உண்டு. கத்தி செய்பவர்களின் முத்திரைகளைப் பாதுகாக்க ஷெஃபீல்டில் 1624லேயே ஒரு கட்லர் சங்கம் சட்டப்படி ஏற்பட்டது. அப்படியும் வெளிநாட்டில் செய்த கத்திகளில் ஷெஃபீல்டு என்று பொறித்து விற்றார்கள். அதைத் தடுக்க 1887ல் பிரிட்டனில் தனிச் சட்டமே வந்தது. அதனால் நம் கூட்டத்தில் ஒருவர் போலியைக் கொண்டுவந்து வைத்தால் யாரும் பெஞ்சில் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிக் காட்டக் கூடாது. எங்களுக்கு இது எழுதாத சட்டம். டீ முடிந்து போகும்போது தோளில் கை போட்டு, "அந்த எழுத்து கொஞ்சம் சந்தேகமா இருக்குங்க, லென்ஸில் இன்னொரு தடவை பாருங்க" என்று சொன்னால் போதும். அவரே பார்த்துக்கொள்வார். மறுநாளும் வருவார்.

எங்கள் டீச்சர் அக்கா கத்திகளை விடக் கதைகளைச் சேர்ப்பவர். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் ஊட்டியில் கல் பங்களா கட்ட ஆரம்பித்த 1822ல்தான், ரோட்ஜர்ஸ் கம்பெனி 1822 அலகு வைத்து ஒரே ஒரு கத்தி செய்தது என்று ஒருநாள் சொன்னார். ஆண்டு கூடக்கூட அதில் அலகும் சேர்த்தார்களாம். லிட்டில் மெஸ்டர்ஸ் என்று ஒரு கூட்டத்தைப் பற்றியும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சின்ன வாடகை அறையில், ஒருவர் இரும்படிக்க, ஒருவர் சாணை பிடிக்க, ஒருவர் பிடி போட என்று தனித்தனியாக வேலை செய்த கைவினைஞர்கள். அந்த வழியில் வந்த ஸ்டான் ஷா என்பவர் 1926ல் பிறந்தவர், 14 வயதில் பட்டறையில் சேர்ந்தார், 2021ல் காலமானார். எழுபது வருடத்துக்கு மேல் மடக்குக் கத்தி மட்டுமே செய்திருக்கிறார்.

கொடுமணல் பேச்சு வந்தால் மட்டும் நாங்கள் எழுந்திருக்க எட்டு மணி ஆகிவிடும். நம் ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கும் ஊர். மூசையில், அதாவது மண் குடுவையில், உருக்கிய எஃகுக்கு அங்கே அகழாய்வில் தடயம் கிடைத்திருக்கிறது. ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசை எஃகு செய்தது 1740களில். அதற்குப் பிறகும்கூட, 1820 வாக்கில், விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே ஒரு கத்தி செய்பவரோடு சேர்ந்து தென்னிந்திய எஃகை வாங்கி ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தக் கத்திக்காரர் பெயர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட். இதைக் கேட்ட பிறகு என் அப்பாவின் கத்தியை நான் வேறு மாதிரிப் பிடிக்கிறேன். சீமைக் கத்தி என்றுதான் அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். பிடியில் இருக்கும் கடமான் கொம்பு இந்தியக் காட்டிலிருந்து கப்பலேறி ஷெஃபீல்டுக்குப் போய்த் திரும்பி வந்தது.

கொம்பு பற்றி ஒரு எச்சரிக்கை. முதுமலைப் பக்கம் காட்டில் கொம்பு உதிர்ந்து கிடக்கும். உடைந்த பிடிக்கு உதவும் என்று எடுத்து வராதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். யானைத் தந்தம் வாங்குவதும் விற்பதும் அப்படியே. தந்தப் பிடி போட்ட கத்தியை எங்கள் பெஞ்சில் வைக்க மாட்டோம்.

கொடுப்பதும் வாங்குவதும்

நம் வீடுகளில் உப்பு, மிளகாய், கத்தி மூன்றையும் கையிலிருந்து கைக்குக் கொடுக்க மாட்டார்கள், சண்டை வரும் என்பார்கள். "கீழ வை, எடுத்துக்கறேன்" என்று அம்மா சொல்வது இப்போதும் காதில் இருக்கிறது. கூட்டத்துக்கு இதைவிட நல்ல விதி இல்லை. கத்தியை மூடி பெஞ்சில் வையுங்கள், அவர் எடுத்துக்கொள்ளட்டும். திறந்த கத்தியைக் கை மாற்றும்போதுதான் விரல் வெட்டுப்படும். ஆங்கிலேயர்களுக்கும் இதே மாதிரி ஒரு நம்பிக்கை உண்டு. கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் நட்பு அறுந்துவிடும் என்று, வாங்கியவர் ஒரு காசு கொடுத்து அதை விலைக்கு வாங்கியதாக ஆக்கிக்கொள்வார். நாங்கள் ஒரு ரூபாய் கொடுக்கிறோம்.

அடுத்தவர் கத்தியைத் திறக்கும் முன் "திறக்கலாமா?" என்று கேளுங்கள். அலகின் மேல் விரல் வைக்காதீர்கள். வியர்வை பட்ட இடத்தில் மறுநாள் ரேகை அச்சாகத் துரு நிற்கும். பட்டுவிட்டால் துடைத்துவிட்டு மூடுங்கள். மூடும்போது கையை விட்டு "பட்" என்று விழ விடாதீர்கள். சில கத்திகளில் கூர் ஸ்பிரிங்கில் மோதி நடுவில் மழுங்கிவிடும். கடைசி வரை விரலால் இறக்கி வையுங்கள். ஒருவர் கத்தியை எப்படி மூடுகிறார் என்று பார்த்தாலே அவரிடம் நம்முடையதைத் தரலாமா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

விலை பேசக் கூடாது என்றும் ஆரம்பத்திலேயே வைத்தோம். எவ்வளவுக்கு வாங்கினாய், இப்போது எவ்வளவு போகும் என்று பேச்சு போனால் ஒரே மாதத்தில் இரண்டு பேர் வராமல் போய்விடுவார்கள். அப்படி நடந்திருக்கிறது. அதன் பிறகு விற்பது, வாங்குவது எல்லாம் கடைக்கு வெளியே என்று ஆக்கினோம். அதற்குப் பதில் ஒரு கேள்வியை வைத்தோம்: நேற்று என்ன வெட்டியது? இந்தக் கேள்வி வந்ததும் கூட்டத்தின் முகமே மாறிவிட்டது. பீரோவில் இருந்த கத்திகள் பைக்கு வந்தன. பதில் சொல்வதற்காகவாவது ஒரு கேரட்டை நறுக்கிவிட்டு வருவார்கள்.

இடத்துக்கு இரண்டு வார்த்தை. டீக்கடைக்காரரிடம் முதலிலேயே கத்தியைக் காட்டி, விஷயத்தைச் சொல்லி, சம்மதம் வாங்குங்கள். எங்கள் கடைக்காரர் முதலில் தயங்கினார். லாம்ப்ஃபுட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பன் பாக்கெட் ஒன்றைப் பிரித்தார். இப்போது அவரும் கூட்டாளி. மூன்று அங்குலத்துக்கு மேல் அலகு உள்ளதையோ, பூட்டு வைத்ததையோ கொண்டுவருவதில்லை. இங்கிலாந்தில் பொது இடத்தில் வைத்துக்கொள்ள அனுமதிக்கும் அளவு அதுதான், நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். கோர்ட், விமான நிலையம், ஆபீஸ் என்று போகும் நாளில் கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வெறும் கையோடு வாருங்கள். நேரத்தை மாற்றாதீர்கள். இரண்டே பேர் வந்த நாட்களிலும் நாங்கள் ஏழேகாலுக்கு உட்கார்ந்திருக்கிறோம்.

மலையில் துரு

சமவெளியில் கத்தி வைத்திருப்பவருக்கு இந்தப் பகுதி அவ்வளவு தேவைப்படாது. எங்களுக்கோ வருடத்தில் பாதி நாள் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். கூடலூர், நடுவட்டம் பக்கம் ஆடி மழை, குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி மழை. பழைய ஷெஃபீல்டு அலகு கார்பன் எஃகு. இரவு ஈரத்தோடு மூடி வைத்தால் காலையில் சிவப்புப் பொட்டு விழுந்திருக்கும்.

நிறம் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். பழம், காய் வெட்டியதும் அலகில் சாம்பலும் நீலமுமாக ஒரு படலம் வரும். அது நல்லது, மேலும் துரு ஏறாமல் கொஞ்சம் காக்கும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் கத்தியின் வயதையே தேய்த்துவிட்டீர்கள். சிவப்பும் ஆரஞ்சும்தான் எதிரி. கண்டவுடன் எண்ணெய் விட்டு, செம்புத் துண்டின் விளிம்பால் மெல்லச் சுரண்டுங்கள். செம்பு எஃகை விட மிருது, கீறாது. எமரித் தாள் வேண்டாம், முத்திரை போய்விடும். படலம் வர வைக்க எங்கள் ஊர் ப்ளம்ஸுக்கு ஈடு இல்லை. மே மாதம் பத்துப் பழம் நறுக்கினால் புது லாம்ப்ஃபுட்டில் மயில் கழுத்து நிறம் வரும். மரத்தக்காளியும் நன்றாக வேலை செய்யும். வெட்டி முடித்ததும் கழுவித் துடைக்க மறக்க வேண்டாம்.

எண்ணெய்க்கு வருவோம். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். குன்னூரில் தலைக்குத் தேய்க்கவே பாட்டிலை வெந்நீரில் வைக்கிறோம், மடக்கு மூட்டுக்குள் அது வெண்ணெய் மாதிரி நின்று தூசியைப் பிடித்துக்கொள்ளும். பழம் வெட்டாத கத்திக்குத் தையல் மிஷின் எண்ணெய் போதும். பழம் வெட்டும் கத்திக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் வாங்குங்கள். மூட்டில் ஒரு சொட்டு, அலகில் துணியால் ஒரு தடவல், அவ்வளவுதான். வருடக்கணக்கில் பழைய எண்ணெய் காய்ந்து பிசின் மாதிரி இறுகிப்போன கத்தி கிடைத்தால் நம் நீலகிரித் தைலமே மருந்து. மூட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திறந்து மூடுங்கள், கறுப்பாக அழுக்கு வெளியே வரும். துடைத்து, மறுபடி விட்டு, வெள்ளைத் துணியில் கறை படாத வரை செய்யுங்கள். பிறகு எண்ணெய். செல்லுலாய்டு பிடி போட்ட கத்திக்கு மட்டும் தைலம் ஆகாது. செல்லுலாய்டை மற்றக் கத்திகளோடு ஒரே டப்பாவில் போடவும் கூடாது. அது பழசாகும்போது அமில ஆவி விட ஆரம்பிக்கும், பக்கத்தில் இருக்கும் அலகெல்லாம் துருப்பிடிக்கும்.

தோல் உறையில் போட்டு இரவு விடாதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு காடாத் துணியில் சுற்றி வையுங்கள். எருமைக் கொம்புப் பிடியை மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கொம்பு நம் நகம் மாதிரிப் பொருள், பூச்சி அரிக்கும். மார்கழியில் உறைபனி விழும் நாட்களில் காய்ந்து சுருங்கி ஆணியைச் சுற்றி வெடிக்கவும் செய்யும். லேசாக எண்ணெய் தடவி வைத்தால் தாங்கும்.

தீட்டுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆயிரம் நம்பர் கல் ஒன்று, தண்ணீர், பொறுமை. லாம்ப்ஃபுட்டின் கூர் முழுவதும் கல்லில் ஒரே நேரத்தில் படியும், அதனால் ஒரு வாரத்தில் கை பழகிவிடும். மோட்டார் சாணைக்கு மட்டும் கொடுக்காதீர்கள். என் நல்ல பேனாக்கத்தி ஒன்றைத் தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். பொறி பறந்தது. திரும்பி வந்தபோது நுனி நீலம் பாய்ந்திருந்தது. சூட்டில் எஃகின் பதம் இறங்கிவிட்டது, இப்போது அந்த நுனி ஒரு காகிதத்துக்கு மேல் கூர் நிற்பதில்லை. அவர் மேல் தப்பு இல்லை, அவர் அரிவாள் தீட்டும் சக்கரத்தில் நான் என்ன கொடுத்தேன் என்று எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

நோட்டும் ஊர் சுற்றும் கத்தியும்

கூட்டம் பிடித்து நிற்பதற்கு இரண்டு விஷயம் உதவியது. ஒன்று, டீக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் நாற்பது பக்க நோட்டு. தேதி, ஆள், கத்தி, வேலை, நாலே பத்தி. "ரோட்ஜர்ஸ் இரண்டலகு, தபால் கவர் மூன்று." "ஐ விட்னஸ் லாம்ப்ஃபுட், உருளைக்கிழங்கு மூட்டைத் தையல் பிரித்தது." வர முடியாதவர் மறுநாள் வந்து முதலில் நோட்டைத்தான் எடுப்பார். இப்போது பதினேழாவது நோட்டு ஓடுகிறது.

இன்னொன்று, பொதுக் கத்தி. எல்லோரும் பணம் போட்டு ஒரு சாதாரண லாம்ப்ஃபுட், ஈட்டி மரப் பிடி, வாங்கினோம். அது திங்கள்கிழமை தோறும் கை மாறும். ஒரு வாரம் உங்கள் பையில், அடுத்த வாரம் அடுத்தவர் பையில். தனக்கு வரும்போது கூராகவும் எண்ணெயோடும் வந்தது, அப்படியே கொடுக்க வேண்டும் என்ற கூச்சத்திலேயே எல்லோரும் தீட்டக் கற்றுக்கொண்டார்கள். புதிதாக வருபவருக்குக் கத்தியே இல்லையென்றால் முதல் வாரம் அதைக் கொடுத்துவிடுவோம். கையில் கத்தி இருந்தால் அவர் வராமல் இருக்க முடியாது, திங்கள் கொடுத்தாக வேண்டுமே.

எங்களில் மூத்தவர் ரயில்வே லோகோ ஷெட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம். ஒரே கத்திக்காரர் என்று முதலில் சொன்னேனே, அவர்தான். வொஸ்டன்ஹோம், எலும்புப் பிடி, புகைபிடித்த தேன் நிறம். நீராவி எஞ்சினில் கேஸ்கெட் வெட்டிய கத்தி என்பார். ஆடிப்போன மூட்டை இறுக்குவது அவருக்கு மட்டுமே கைவந்தது. ஆணித் தலையை இரும்புக் கட்டையில் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டுவார், ஒரு தட்டு, திறந்து பார்ப்பார், இன்னொரு தட்டு. தெரியாமல் நாம் தட்டினால் கொம்பு வெடித்துவிடும். தட்டத் தெரிந்த அப்படி ஒரு ஆள் உங்களுக்குக் கிடைக்கும்வரை ஆடுகிற கத்தியை ஆடுகிறபடியே வைத்திருங்கள்.

போன தையில் ஐயா போய்விட்டார். காரியம் முடிந்து நாலாம் நாள் காலை அவர் மகள் கடைக்கு வந்தாள். கைக்குட்டையில் சுற்றிய கத்தியைப் பெஞ்சில் மூடியபடி வைத்தாள். "அப்பா இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு. பொதுக் கத்தியோட சேர்த்துச் சுத்த விடணுமாம்." நாங்கள் ஐந்து பேரும் டீக்கடைக்காரரும் ஆளுக்கொரு ரூபாய் எடுத்து வைத்தோம். ஏன் என்று அவளுக்குச் சொன்னோம், வாங்கிக்கொண்டாள். முதல் வாரம் நீயே வைத்துக்கொள் என்றேன். பழக்கடையிலிருந்து ஒரு பேரிக்காய் வாங்கி வந்தோம், அவள்தான் வெட்டினாள், ஏழு துண்டு. நோட்டில் ஐயாவுடைய வரியில் ஆள் என்ற பத்தியில் என்ன எழுதுவது என்று கடைக்காரர் கேட்டார். அவள் பேனாவை வாங்கி, தன் பெயரை எழுதினாள்.